பனியனுக்கு முன்னால் மனு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நேற்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பனியன் படம் பார்த்தேன். நெஞ்சில் குற்றால அருவி, முதுகில் ‘தென்காசி – குற்றாலம், 10 கி.மீ. ஓட்டம்’, அதற்குக் கீழே தேதி. கண்ணுக்கு நிறைவாக இருந்தது. உடனே போன் போட்டு, “போலீஸ் அனுமதி வந்துவிட்டதா?” என்று கேட்டேன். “அதெல்லாம் சொல்லியாச்சுக்கா” என்றாய். அந்த ஒரு வார்த்தை ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. போனில் திட்டினால் வைத்துவிடுவாய் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

இருபத்தாறு வருஷம் தாலுகா ஆபீசில் ஃபைல் பார்த்தவள் சொல்கிறேன், வாயால் சொன்னது எதுவும் ஃபைலில் ஏறாது. மூணு வருஷத்துக்கு முன்னால் நீ தொண்டராக நின்ற அந்த ஓட்டம் ஞாபகம் இருக்கா? அவர்களும் ‘சொல்லியாச்சு’ என்றுதான் சொன்னார்கள். மூணாவது கிலோமீட்டரில் பால் வண்டி குறுக்கே வந்து, அந்தப் பெண் பிள்ளை விழுந்து முழங்கால் கிழிந்தது. ஆம்புலன்ஸ் கிடையாது. நீதான் பைக்கில் தூக்கிக்கொண்டு ஓடினாய். சட்டையில் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாயே. அதை மறந்துவிட்டாயா?

அதனால் பனியனை அப்படியே நிறுத்து. முதலில் மனு எழுது. மாவட்டங்களில் 1861-ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் 30(2) பிரிவு அமலில் இருக்கும்போது கூட்டம், ஊர்வலம் எதுவானாலும் முன்கூட்டியே அனுமதி வாங்கியாக வேண்டும். எஸ்.பி. பெயருக்கு எழுதி, டி.எஸ்.பி. அலுவலகத்திலும் உள்ளூர் ஸ்டேஷனிலும் நகல் கொடு. எத்தனை பேர் ஓடுகிறார்கள், எத்தனை மணிக்குத் தொடக்கம், எத்தனை மணிக்குள் ரோட்டைத் திருப்பிக் கொடுப்போம், எந்த முக்கில் யார் நிற்பார் என்று எல்லாம் அதில் வரட்டும். ரோடு முழுக்க வேண்டுமா, ஒரு ஓரம் போதுமா என்பதையும் தெளிவாகச் சொல். பாதையைக் கையாலேயே வரைந்து இணைத்தால் போதும். தண்ணீர்ப் பந்தல் எங்கே, ஆம்புலன்ஸ் எங்கே என்று அதில் குறி. 108 ஊருக்கே பொது, அன்றைக்கு உனக்கென்று ஒரு வண்டி தனியாக வேண்டும்.

அடுத்தது, ரோடு யாருடையது என்று பார். நகராட்சியா, நெடுஞ்சாலைத் துறையா என்பதைப் பொறுத்து அங்கேயும் கடிதம் கொடுக்க வேண்டும். கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலைப் பக்கம் மட்டும் போகவே போகாதே. விடியற்காலையில் அந்த லாரிகள் வருகிற வேகம் உனக்குத் தெரியாததா? காலண்டரையும் எடுத்துப் பார். முகூர்த்த நாளாக இருந்தால் அஞ்சு மணிக்கே கல்யாண வேன்கள் கிளம்பிவிடும். ஞாயிறு என்றால் சர்ச்சுக்குப் போகிறவர்கள், சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகிறவர்கள் எல்லாரும் அதே ரோட்டில்தான் வருவார்கள். சீசன் நேரத்தில் குற்றாலம் ரோட்டை நினைத்தே பார்க்காதே.

ஐந்தரைக்கு மைக் வைத்துக் கொடியசைப்பேன் என்றாயே, அதுவும் முடியாது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு விதி. விசிலை ஊதித் தொடங்கு.

தூரத்தையும் போனை நம்பி அளக்காதே. முறையாக அளப்பவர்கள் சைக்கிள் சக்கரத்தில் எண்ணும் கருவி மாட்டி அளக்கிறார்கள். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டியே வைப்பார்கள், தூரம் குறைந்துவிடக் கூடாது என்று. முதல் தடவை பத்து கிலோமீட்டர் ஓடுகிற பிள்ளை, ஓடினேன் என்று வீட்டில் சொல்வது நிஜமாக இருக்க வேண்டாமா?

இவ்வளவும் எதற்கு என்று அலுத்துக்கொள்ளாதே. அப்பாவை நினைத்துப் பார். சப்பரம் வருகிற ஒவ்வொரு வருஷமும் மஞ்சப் பையில் மனு நகல்களை வைத்துக்கொண்டு ஸ்டேஷன், பஞ்சாயத்து, ஈ.பி. ஆபீஸ் என்று அலைவார். நகலில் சீல் வாங்காமல் படி இறங்க மாட்டார். ஒரு வருஷம் நம் தெரு முக்கில் சப்பரத்தின் உச்சி மின்கம்பிக்கு ஒரு முழம் கீழே போனது. லைன் ஆஃப் செய்து தெரு முழுக்க இருட்டு, பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் மட்டும். அம்மா, நீ, நான் எல்லாரும் சாமியைக் கும்பிட்டோம். அப்பா மட்டும் கை கூப்பவில்லை, கழுத்தை அண்ணாந்து கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். சப்பரம் தாண்டின பிறகுதான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவர் கும்பிட்டது அதுதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

நீயும் அன்றைக்கு ஓட வேண்டாம், ராசா. ஓட ஆசையாகத்தான் இருக்கும். இருந்தாலும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நில். கடைசிப் பிள்ளை கோட்டைத் தாண்டின பிறகு தண்ணீர் குடி.

மனு எழுதி எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன். அப்பாவின் மஞ்சப் பை என்னிடம்தான் இருக்கிறது. வரும்போது கொண்டுவருகிறேன்.

உன் அக்கா