பெயர் பெற்ற வண்டி

எங்கள் பக்கத்து வயதானவர்கள் காரைக் 'கார்' என்று சொல்வது அபூர்வம். 'பிளசர்' என்பார்கள். இன்பம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் ஒன்று எந்த வழியாகவோ தம்மம்பட்டி வரைக்கும் வந்து சேர்ந்து, நான்கு சக்கரமும் கூரையும் உள்ள வண்டிக்குப் பெயராகிவிட்டது. மாட்டு வண்டி பாரம் சுமப்பதற்கு. பஸ் ஊர் போய்ச் சேருவதற்கு. இந்த ஒன்றுதான் சுகத்துக்கென்றே ஏற்பட்டது என்று அந்தக் காலத்தார் எண்ணினார்கள் போலும். கல்யாண மாப்பிள்ளை ஏறி வந்ததும் பிளசர்தான். ஆத்தூர் ஆஸ்பத்திரியில் கைவிட்டுவிட்ட கிழவரைப் படுக்கவைத்துக் கொண்டுவந்த ஓட்டை அம்பாசடரும் பிளசர்தான்.

ஆகவே, ஆடம்பரக் கார் என்று தனியாக ஒரு ஜாதி உண்டு என்பதை எங்கள் ஊரில் விளக்குவது கொஞ்சம் சிரமம். ஆனால் ஒரு பெயர் மட்டும் விளக்கமில்லாமலே எல்லாருக்கும் தெரியும். ரோல்ஸ் ராய்ஸ். அதைக் கண்ணால் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதைப் பற்றிக் கதை சொல்லத் தெரியாதவர்களை எண்ணுவதற்கும் அதே விரல்கள் போதும்.

கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அல்வர் மகாராஜா லண்டனில் சாதாரண உடையில் கார்க் கடைக்குள் போகிறார். கடைச் சிப்பந்தி அலட்சியமாக வெளியே அனுப்பிவிடுகிறான். மகாராஜா திரும்பி வந்து, இருந்த கார்களையெல்லாம் ரொக்கமாக வாங்கி, ஊருக்கு அனுப்பிக் குப்பை அள்ள விட்டுவிடுகிறார். கம்பெனியார் தந்தியடித்து மன்னிப்புக் கேட்கிறார்கள். இதற்கு நம்பத் தகுந்த ஆவணம் எதுவும் வெளிவந்ததில்லை. இதே கதையை ஊர் மாற்றிப் பாட்டியாலாவுக்கும், பரத்பூருக்கும், ஹைதராபாத்துக்கும் சொல்கிறார்கள். சாட்சியாகக் காட்டப்படும் பழைய படத்தில் சக்கரத்துக்கு முன்னால் துடைப்பம் கட்டியிருப்பது உண்மைதான். அந்த நாளில் ரோட்டில் கிடந்த ஆணியும் கல்லும் டயரைக் குத்தாமல் ஒதுக்குவதற்காக அப்படிக் கட்டுவது உண்டு. இதையெல்லாம் டீக்கடையில் எடுத்துச் சொன்னால் நம்மைத்தான் முறைப்பார்கள். அந்தக் கதையில் குப்பை அள்ளுவது கார் அல்ல. நம்மை அலட்சியமாகப் பார்த்த துரையின் கௌரவம். அதை விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்?

எனக்கென்னவோ, உண்மையில் நடந்த கதையே இதைவிட ருசியானது.

இங்கிலாந்தில் மாவு ஆலை வைத்து நொடித்துப்போன ஒருவரின் மகன் ஹென்றி ராய்ஸ். 1863ல் பிறந்தவர். ஒன்பது வயதில் தகப்பனாரை இழந்தார். பத்திரிகை விற்றார், தந்தி கொண்டுபோய்க் கொடுத்தார். உறவுக்கார அம்மாள் ஒருவர் வருஷத்துக்கு இருபது பவுன் கட்டி ரயில்வே பட்டறையில் தொழில் பழக வைத்தார். அந்த அம்மாளுக்கும் கை வறண்டு போகவே, படிப்பு பாதியில் நின்றது. 1884ல் மான்செஸ்டரில் ஒரு கூட்டாளியோடு சின்னப் பட்டறை போட்டு மின்சார மணிகள் செய்ய ஆரம்பித்தார். நாற்பது வயதை எட்டும்போது பழைய பிரெஞ்சுக் கார் ஒன்றை வாங்கினார். அதன் சத்தமும் உதறலும் அவருக்குப் பிடிக்கவில்லை. நம்மில் பலருக்கும் பலது பிடிப்பதில்லை, திட்டிவிட்டு ஓட்டிக்கொண்டிருப்போம். அவர் ஒவ்வொரு உறுப்பாகத் திருத்தி, தாமே ஒரு கார் செய்துவிட்டார். 1904 ஏப்ரல் முதல் தேதி அது பட்டறையை விட்டு வெளியே ஓடியது.

மற்றவர், சார்லஸ் ரோல்ஸ், பிரபுவின் மகன். கேம்பிரிட்ஜில் படித்தவர். பலூன், மோட்டார், ஆகாய விமானம் என்று எது புதிதோ அதில் ஏறிப் பார்க்கிற சுபாவம். லண்டனில் அயல்நாட்டுக் கார்களை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். ராய்ஸ் செய்தது இரண்டு சிலிண்டர் வண்டி. அந்த வகை என்றாலே உதறல் என்பது ரோல்ஸின் அபிப்பிராயம். 1904 மே 4ந் தேதி மான்செஸ்டர் மிட்லண்ட் ஹோட்டலில் இருவரும் சந்தித்தார்கள். ரோல்ஸ் வண்டியில் ஏறிப் பார்த்தார், அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டார். ராய்ஸ் செய்வதையெல்லாம் தாம் விற்பது என்று ஏற்பாடாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். செய்தவர் பெயர் பின்னால். விற்றவர் பெயர் முன்னால். ரோல்ஸ் ஆறே வருஷத்தில், 1910 ஜூலையில், முப்பத்திரண்டு வயதில் விமான விபத்தில் மாண்டுபோனார். ராய்ஸ் மேலும் இருபத்துமூன்று வருஷம் இருந்து, கடைசி வரைக்கும் படம் போட்டுத் திருத்திக்கொண்டே இருந்தார். இன்றைக்கும் அவசரத்தில் பெயரைச் சுருக்குகிறவர்கள் 'ரோல்ஸ்' என்றுதான் சுருக்குகிறார்கள்.

பெயர் நிலைத்தது 1907ல். வெள்ளி வர்ணம் பூசிய ஒரு வண்டியை லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே மாற்றி மாற்றி ஓட்டினார்கள். 14,371 மைல், கோளாறு என்று சொல்லி நிற்காமல் ஓடிற்று. பிறகு அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, தேய்ந்தவற்றை மாற்றினார்கள். செலவு இரண்டு பவுனும் சில்லறையும். 'சில்வர் கோஸ்ட்', வெள்ளிப் பேய், என்பது அந்த வண்டியின் பெயர். பேய் என்றது அதன் ஓசையின்மையை. லாரி ஹாரன் சத்தத்திலே பிறந்து வளர்ந்த நமக்கு, சத்தமில்லாமையை விலை கொடுத்து வாங்கலாம் என்பதே விசித்திரமாக இருக்கிறது. 1958ல் அமெரிக்காவில் வந்த விளம்பரம் ஒன்று, அறுபது மைல் வேகத்தில் இந்தக் காருக்குள் கேட்கிற பெரிய சத்தம் கடிகாரத்தின் சத்தம்தான் என்று சொல்லிப் பிரசித்தி பெற்றது.

இன்னொரு சங்கதி, நாமக்கல் பக்கத்து வாசகர்களுக்கு உடனே விளங்கும். வெகு காலம் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி முழுக் காரை விற்கவில்லை. என்ஜினும் சட்டமும் சக்கரமும் கொண்ட மொட்டைச் சேஸிஸைத்தான் விற்றது. வாங்கியவர் அதைக் கூடு கட்டுகிறவரிடம் கொண்டுபோக வேண்டும். பார்க்கர், ஹூப்பர் என்று குதிரைச் சாரட்டு செய்து பழகிய பழைய பட்டறைகள் மரச்சட்டம் அடித்து, தகடு போர்த்தி, தோல் தைத்து, மெருகேற்றிக் கொடுக்கும். லாரிச் சேஸிஸில் மரப்பெட்டியைப் போட்டு உட்கார்ந்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெயிலில் நாமக்கல்லுக்கு ஓட்டி வருகிற டிரைவர்களை நெடுஞ்சாலையில் பார்த்திருக்கிறோம் அல்லவா? 'பாடி கட்டுவது' என்று நாம் சொல்கிற அதே தொழில்தான். நம் ஆள் முகப்பில் குலதெய்வத்தின் பெயரை எழுதச் சொல்கிறான்; மகாராஜாக்கள் கோஷாப் பெண்களுக்குத் திரையும், புலி வேட்டைக்கு விளக்கும் துப்பாக்கித் தாங்கியும் வைக்கச் சொன்னார்கள். ஹைதராபாத் நிஜாம் வீட்டுக்குப் பார்க்கர் கம்பெனி 1912ல் கட்டிக்கொடுத்த மஞ்சள் நிற வண்டியில் பின்னால் இருப்பது ஸீட் அல்ல, சிம்மாசனம். அது ஓடியது மொத்தம் சில நூறு மைல்தான்; இப்போது சௌமஹல்லா அரண்மனையில் நிற்கிறது. அதற்கும் முன்னால், 1908ல், பம்பாய் - கோலாப்பூர் ஓட்டப் பந்தயத்தில் மலைப்பாதை ஏறி ஜெயித்த ஒரு வெள்ளிப் பேயைக் குவாலியர் மகாராஜா வாங்கினார். அதிலிருந்துதான் சமஸ்தானங்களுக்கு இந்த மோகம் தொற்றியது.

மோகம் தீர்ந்த விதமும் வேடிக்கை. 1971 பிப்ரவரியில், விமான என்ஜின் ஒன்றில் பணத்தைக் கொட்டி ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி திவாலாயிற்று. அதே வருஷம் டிசம்பரில் நம் பார்லிமெண்ட் மன்னர் மானியத்தை ஒழித்தது. விற்றவரும் வாங்கியவரும் ஒரே வருஷத்தில் படுத்தார்கள். பிற்பாடு நம் ஊரில் அந்த இடத்துக்குச் சினிமா நட்சத்திரங்கள் வந்தார்கள். 2012ல் தமிழ் நடிகர் ஒருவர் இறக்குமதி செய்த ரோல்ஸ் ராய்ஸின் நுழைவு வரி 2021ல் உயர் நீதிமன்றத்தில் பெரிய செய்தியானது; அபராதமும் கடுமொழியும் விதிக்கப்பட்டு, அப்பீலில் அந்தக் கடுமொழி நீக்கவும்பட்டது. குப்பை அள்ளிய கதையைச் சொன்ன டீக்கடையில் அந்த மாதம் முழுக்க இதுதான் பேச்சு.

எங்கள் ஊர் மரச்சிற்பத்துக்குப் பெயர் போனது. வாகை மரத்தில் பிள்ளையார், தசாவதாரம், யாளி, கோயில் வாகனங்கள் என்று தெருவுக்குத் தெரு கொட்டாப்புளிச் சத்தம் கேட்கும். எனக்குப் பழக்கமான சிற்பி ஒருவர், அறுபதை நெருங்குகிறவர், சென்ற வருஷம் ஒரு படத்தைக் கொண்டுவந்து நீட்டினார். பெரிய நகரத்துக் கடைக்காரர் ஒருவர் மூலம் வந்த ஆர்டராம்.

"சார், இது எந்த ஊரு அம்மனுங்க?"

முன்னால் சாய்ந்து, கைகளைப் பின்னால் நீட்டி, மேலாடை பறக்க நிற்கிறாள். ரோல்ஸ் ராய்ஸின் மூக்கில் நிற்கும் பதுமை.

"அம்மன் இல்லைங்கண்ணா. கார்ப் பொம்மை."

"பொம்மையா? முகத்துல களை இருக்குதே!" என்றார். நம்பவில்லை.

சொன்னேன். கார்க்காரர்கள் முன்பெல்லாம் அவரவர் இஷ்டத்துக்குக் கண்ட பொம்மையையும் முகப்பில் மாட்டினார்கள். அது பொறுக்காமல், கம்பெனி நிர்வாகி கிளாட் ஜான்ஸன் சார்லஸ் ஸைக்ஸ் என்ற சிற்பியிடம் இதைச் செய்யச் சொன்னார். ஒரு பிரபுவிடம் காரியதரிசியாக இருந்த எலினார் தார்ன்டன் என்ற பெண்தான் இதற்கு மாதிரியாக நின்றவள் என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள். பிரபுவுக்கும் அவளுக்கும் ஊரறியாத காதல் இருந்தது. 1915 டிசம்பர் 30ந் தேதி இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த 'பெர்ஷியா' என்ற கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று மத்தியதரைக் கடலில் அடித்தது. முந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பிரபு பிழைத்தார், அவள் பிழைக்கவில்லை.

சிற்பி படத்தை மறுபடி வாங்கிப் பார்த்தார். "அப்போ அம்மன்தான்" என்றார். அகாலமாகச் செத்த கன்னிகளையும் சுமங்கலிகளையும் தெய்வமாக நட்டுக் கும்பிடுகிற ஊர்க்காரரிடம் நான் என்ன வாதம் செய்ய?

பிறகு அவர் கவலை தொழிலின் பக்கம் போயிற்று. கருடனுக்குச் சிறகு வைத்துப் பழகிய கை அது. ஆனால் சிறகு வேறு, காற்றில் பறக்கிற துணி வேறு. துணிக்குக் குறுக்கே மரத்தின் ரேகை போனால் ஒடிந்துவிடும். தனியாகச் செய்து சொருகினால் ஒட்டு தெரியும். ஒரே கட்டையில்தான் எடுக்க வேண்டும், கட்டையைச் சாய்த்து அறுக்க வேண்டும் என்று தாமே முடிவுக்கு வந்தார். அந்தக் காருக்குள்ளும் மரவேலை உண்டு. ஒரே அடிமரத்திலிருந்து வகுந்த தகடுகளை இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பம் போல் ரேகை பொருந்தப் பதிப்பார்கள் என்றேன். தலையை ஆட்டினார், அதில் அவருக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அவர் ஆச்சரியப்பட்டது வேறொன்றுக்கு. ஆரம்ப காலப் பதுமைகளின் பீடத்தில் ஸைக்ஸ் தம் பெயரையும் தேதியையும் பொறித்திருந்தார் என்றேன்.

"பேரு போட உட்டாங்களா?"

இவர் செய்கிற சிலைகள் நகரத்துக் கடையில் கடையின் சீட்டு ஒட்டி விற்கப்படுகின்றன. ஒரு தடவை இவர் அடிப்பாகத்தில் இரண்டு எழுத்துச் செதுக்கி அனுப்பினாராம். இழைத்து எடுத்துவிட்டு அனுப்பச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். போக்குவரத்துச் செலவு இவர் தலையில்.

பெயர் விஷயத்தில் அந்தக் கம்பெனியே பட்ட பாட்டையும் அவருக்குச் சொன்னேன். 1998ல் கார்ப் பிரிவு விலைக்கு வந்தது. வோக்ஸ்வாகன் 430 மில்லியன் பவுன் கொடுத்து க்ரூ நகரத்து ஆலையை வாங்கியது. முகப்பின் வடிவமும் இந்தப் பதுமையின் உரிமையும் அதோடு சேர்ந்து வந்தன. ஆனால் 'ரோல்ஸ் ராய்ஸ்' என்ற பெயர் விமான என்ஜின் கம்பெனியிடம் இருந்தது. அவர்கள் அதை 40 மில்லியனுக்குப் பி.எம்.டபிள்யூவுக்குக் கொடுத்துவிட்டார்கள். பட்டறை ஒருத்தருக்கு, பெயர் ஒருத்தருக்கு! கடைசியில் ராஜியாகி, 2003 முதல் பெயரும் பதுமையும் பி.எம்.டபிள்யூவிடம் சேர்ந்தன. அவர்கள் குட்வுட்டில் புது ஆலை கட்டினார்கள். அது ராய்ஸ் கடைசி வருஷங்களில் வசித்த வெஸ்ட் விட்டரிங் கிராமத்துக்குப் பக்கம்தான். க்ரூவில் அந்தக் காரைத் தலைமுறையாகச் செய்த கைகள் பென்ட்லி செய்யப் போயின.

"அப்போ பேருதான் பெருசுங்களா?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை. ராய்ஸுக்கு 1930ல் ஸர் பட்டம் கிடைத்த பிறகும் அவர் தம்மை 'மெக்கானிக்' என்றே சொல்லிக்கொண்டார் என்று மட்டும் சொன்னேன். அது அவருக்குப் பிடித்திருந்தது.

இரண்டு மாதத்தில் சிலை முடிந்தது. மூன்றடி உயரம். துணி ஒடியவில்லை. முகம் எலினார் தார்ன்டன் மாதிரி இல்லை. எங்கள் ஊர்த் திரௌபதி மாதிரி இருந்தது. தாளில் சுற்றி வைக்கோல் பொதிந்து கட்டும்போது, கூலி எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். அதை இங்கே எழுதலாமென்றுதான் இருந்தேன். எழுதினால் அடுத்த ஆர்டருக்கு அதற்கும் கீழே கேட்பார்கள் என்றார், ஆகையால் விட்டுவிட்டேன்.