மாலை கட்டும் அக்காவுக்காக

 

நம்ம கோயில்ல மாலை கட்டும் என் அக்கா ஆறு மாசமா வரல. தானா ராத்தா குளிருன்னும், போன ஜென்மப் பாவம்னும் பேசினோம். சோம்பல்னு சொன்னவன் நான்தான்.

டாக்டர் முடக்குவாதம்னார். உடம்போட காவலே மூட்டைத் தாக்குதாம். மலாய், சீனர், இந்தியர் மூணு இனத்திலயும் எச்.எல்.ஏ. மரபணுவில் சில வகை இருந்தா ஆபத்து கூடும்னு 2011ல் மலேசிய ஆய்வு சொல்லுது. பாவம் இல்லீங்க, பிறப்பு. அதுவே விதியும் இல்ல. ஒரே கரு இரட்டையர்ல ஒருத்தருக்கு வந்தாலும் மத்தவருக்குப் பெரும்பாலும் வர்றதில்ல. சிகரெட் சேர்ந்தா ஆபத்து ஏறும்.

அக்கா ரத்தம்தான் எனக்கும். சிகரெட்டை விட்டுட்டேன்.

காலையில விரல் வீங்கி, ஒரு மணி நேரம் மடங்கலன்னா கிளினிக் போங்க, தள்ளிப் போடாதீங்க. வெள்ளிக்கிழமை அக்கா வருவாங்க. மாலை வேணாம், ஒரு நாற்காலி போடுங்க.