நால்வராக எடுத்த முடிவு

முதல் பருவத்துக்கான பாடங்களையும் பேராசிரியர்களையும் மாணவனே ஆராய்ந்து தேர்ந்துகொள்வதாக அமெரிக்கா சென்ற உறவினர் பிள்ளைகள் சொல்லும்போது, எங்களுக்கு அது ஏதோ ஜவுளிக்கடையில் சட்டைத் துணி எடுப்பதைப் போலத் தோன்றும். கம்பம் பள்ளத்தாக்கில் எங்களுக்கு வாய்த்த கல்லூரி வேறு வகை. பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்றில் முதன்மைப் பாடமும் அதற்குத் துணைப்பாடமும். எல்லாம் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருக்கும். பேராசிரியர் கால அட்டவணையின் கட்டத்துக்குள் இரண்டு ஆங்கில எழுத்துகளாக இருப்பார். அவ்வெழுத்துகளுக்குரிய முகம் எது என்பது ஜூலை மாதம் வகுப்பு தொடங்கிய பிறகுதான் தெரியவரும்.

எனினும் தேர்வு என்ற ஒன்று இல்லாமலில்லை. அது விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே முடிந்துவிடும். எந்தப் பட்டப்படிப்பு, அதிலும் அரசு உதவிபெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்ற இரண்டு கேள்விகள். வெளியூர் வாசகர்களுக்கு இந்த இரண்டாவது கேள்வியின் கனம் விளங்காமல் போகலாம். ஒரே வளாகம், ஒரே மணியோசை, ஒரே கழிப்பறை. ஆனால் உதவிபெறும் பிரிவில் ஆசிரியருக்கு அரசு சம்பளம் தரும். மாணவனின் கட்டணம் மிகக் குறைவு. சுயநிதிப் பிரிவில் மாணவன் கட்டும் ஆயிரங்களிலிருந்துதான் ஆசிரியரின் சொற்பச் சம்பளம் வரவேண்டும். வேறு வேலை கிடைத்ததும் அவர் போய்விடுவார். பருவத்தின் நடுவில் வேறொருவர் வந்து முதல் அலகிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்.

2009ஆம் ஆண்டு நாங்கள் நால்வர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோம். நால்வருமே பள்ளியில் வணிகவியல் பிரிவு. மதிப்பெண் பட்டியலை வாங்கிக்கொண்டு சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களை ஒட்டி ஓடும் வாய்க்கால் கரையில் உட்கார்ந்தோம். எங்களில் மூவர் வீட்டில் கொஞ்சம் நிலமோ கடையோ இருந்தது. நான்காமவனின் தாயார் விடியலுக்கு முன் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய் இருட்டிய பின் திரும்புகிறவர். விடுமுறை நாட்களில் அவனும் உடன் போவான். அவன் விரல் நகங்களின் ஓரத்தில் ஏலக்காய்ச் சாற்றின் கறுப்பு நிரந்தரமாகவே தங்கியிருந்தது.

அவனுக்கு வரலாறு படிக்க ஆசை. அதுவும் பொத்தாம்பொதுவான ஆசையன்று. மலையில் வேலை செய்யும்போதெல்லாம் அவனுக்குள் ஒரே கேள்வி இருந்திருக்கிறது. அணை நிற்பது கேரள மண்ணில், மதகைத் திறப்பது தமிழ்நாட்டு அரசு, தண்ணீர் குகைப் பாதை வழியே மலையைக் கடந்து லோயர்கேம்ப்பில் இறங்கி நம் வயலுக்கு வருகிறது. இந்த ஏற்பாட்டை யார், யாரிடம், எப்படிப் பேசி முடித்தார்கள்? உதவிபெறும் பிரிவில் பி.ஏ. வரலாற்றுக்கு அவனுக்கு இடமும் உறுதியாகக் கிடைத்திருக்கும்.

நாங்கள்தான் விடவில்லை. "வரலாறு படிச்சு என்னத்தடா பண்ணப்போற? மியூசியத்துல வாட்ச்மேன் வேலைக்கா?" என்று எங்களில் ஒருவன் கேட்டான். மற்ற இருவரும் சிரித்தோம். எங்களுக்கு முன் படித்த அண்ணன்மார்கள் தேநீர்க் கடையில் சொல்லியிருந்த தகவல்கள் எங்களிடம் ஏராளமாக இருந்தன. வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் துறை அது, அங்கே குறிப்பேட்டை வாசிப்பதுதான் பாடம், பி.காம். முடித்தால் ஒரு ஆடிட்டர் அலுவலகத்திலாவது உட்காரலாம். உதவிபெறும் பி.காம். இடங்கள் எங்கள் மதிப்பெண்ணுக்கு எட்டாதவை. ஆகவே நால்வரும் சுயநிதி பி.காம்., ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச் என்று முடிவாயிற்று. உண்மையைச் சொல்வதானால், அவனுடைய எதிர்காலத்தைவிட அந்த ஒரே பெஞ்ச்தான் எங்களுக்கு முக்கியமாக இருந்தது.

அவன் எதிர்த்துப் பேசவில்லை. "சரிடா மாப்ள" என்றான். அவன் தாயார் ஏலத்தோட்டத்துக் கங்காணியிடம் முன்பணம் வாங்கி முதல் கட்டணத்தைக் கட்டினார். இரண்டாம் பருவத்துக்கான கட்டணத்தின்போது அந்த முன்பணமே இன்னும் கழியாமல் இருந்தது. 2010 பொங்கல் விடுமுறைக்குப் பிறகு எங்கள் பெஞ்சில் மூவர் மட்டுமே உட்கார்ந்தோம். வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் சில வாரங்கள் கூப்பிடப்பட்டு, பின்பு கூப்பிடப்படவில்லை.

இங்கே ஒரு பழைய சங்கதியை நினைத்துக்கொள்கிறோம். எங்களுக்கு இரண்டு தலைமுறை முந்தியவர்கள் ஆசிரியரைத் தேடிப் போனார்கள். 1949இல் தொடங்கப்பட்ட மதுரை தியாகராசர் கல்லூரியில் ஔவை துரைசாமிப் பிள்ளையும் சி. இலக்குவனாரும் அ. கி. பரந்தாமனாரும் தமிழ் கற்பித்தார்கள். போடிப் பக்கத்து நா. காமராசனும் பெரியகுளத்து மு. மேத்தாவும் அங்கே படித்தவர்கள்தாம். இங்கிருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கும் மேல். உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956இல் வந்தது. போடியில் ஏலக்காய் விவசாயிகள் சங்கக் கல்லூரியும் பெரியகுளத்தில் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரியும் 1971இல் வந்தன. பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய்வர முடிந்தது. அது எத்தனை பெரிய காரியம் என்பதைப் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஆனால் ஆசிரியரின் பெயர் சொல்லிக் கல்லூரியைத் தேடும் வழக்கம் எப்படியோ நின்றுபோயிற்று. எங்களுக்குப் பேராசிரியர் என்பவர் இன்டர்னலில் இருபத்தைந்துக்கு எத்தனை போடுவார் என்ற எண் மட்டுமே.

அப்படி எண் பார்த்துத்தான் மூன்றாம் பருவத்தில் ஒரு பேராசிரியரை நாங்களே தேர்ந்தெடுத்தோம். பிற துறையிலிருந்து ஒரு விருப்பப்பாடம் எடுத்தாக வேண்டும் என்பது அன்றைய விதி. அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். வரலாற்றுத் துறைப் பெரியவர் ஓய்வுபெறும் தறுவாயில் இருக்கிறார், இருபதுக்குக் குறைந்து போடமாட்டார் என்று தெரிந்ததும் மூவரும் அங்கே கையெழுத்திட்டோம். வேறு நோக்கம் ஏதுமில்லை.

அவர் முதல் வகுப்புக்குக் குறிப்பேடு எதுவும் இல்லாமல் வந்தார். கரும்பலகையில் 999 என்று எழுதினார். "இது என்னப்பா?" என்றார். எவருக்கும் தெரியவில்லை. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானமும் சென்னை மாகாண அரசும் செய்துகொண்ட குத்தகையின் ஆண்டுக்கணக்கு அது என்றார். எண்ணாயிரம் ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய், ஆக ஆண்டுக்கு நாற்பதாயிரம் ரூபாய். பின் 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த கட்டுமானம், மலைக்காய்ச்சலில் மாண்ட கூலிகள், வெள்ளம் அடித்துச் சென்ற முதல் தடுப்புகள், பென்னிகுக். 1970இல் குத்தகையைத் திருத்தி ஏக்கருக்கு முப்பது ரூபாயாக உயர்த்தியது, மீன்பிடி உரிமையை விட்டுக்கொடுத்தது, 1979இல் நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கியது. பென்னிகுக் படம் மாட்டாத தேநீர்க் கடை இல்லாத ஊர்களிலிருந்து வந்த நாங்கள், அந்தக் குத்தகையின் ஒரு வரியைக்கூட அதுவரை அறிந்திருக்கவில்லை. பிறகு அவரவர் வீட்டுப் பட்டாவின் நகலைக் கொண்டுவரச் சொன்னார். நிலமில்லாதவர்கள் ரேஷன் அட்டையைக் கொண்டுவந்தால் போதும், அதிலிருந்தும் தொடங்கலாம் என்றார்.

அன்று வகுப்பு முடிந்து வெளியே வந்த மூவரும் வெகுநேரம் பேசிக்கொள்ளவில்லை. எவன் அந்த நாற்காலியில் இருந்திருக்க வேண்டும் என்பது எங்கள் மூவருக்குமே தெரிந்திருந்தது.

2011 டிசம்பரில் அணைப் பிரச்சினை வெடித்தது. எல்லைக்கு அப்பால் தமிழ்த் தொழிலாளர்கள் தாக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. இங்கேயும் மலையாளிகளின் கடைகள் உடைபட்டன. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. ஏலத்தோட்ட ஜீப்புகள் நின்றுபோயின. பள்ளத்தாக்கு முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் குமுளியை நோக்கி நடந்தார்கள். நாங்களும் நடந்தோம். கூடலூரைத் தாண்டியபோது கூட்டத்தில் அவனைக் கண்டோம். ஆள் இறுகியிருந்தான். அவனுக்கும் அவன் தாயாருக்கும் பல நாட்களாக வேலை இல்லை.

"காலேஜ்ல என்னடா சொல்லிக் குடுத்தாங்க?" என்று அவன்தான் பேச்சை ஆரம்பித்தான். லோயர்கேம்ப் வரை நடந்துகொண்டே அந்தக் குத்தகைக் கதையைச் சொன்னோம். ஒருவன் விட்ட இடத்தை இன்னொருவன் தொடர்ந்தான். அவன் இடைமறிக்காமல் கேட்டான். கடைசியில், "எண்ணாயிரம் ஏக்கருக்கு வாடகை சொன்னீங்க. அந்த மலையில ஏலக்காய் பறிக்கப் போறவங்களப் பத்தி அந்தப் பத்திரத்துல ஏதும் இருக்கா?" என்று கேட்டான். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் பேராசிரியரிடமும் நாங்கள் அதைக் கேட்டிருக்கவில்லை. சற்று தூரத்தில் காவல்துறையினர் வழிமறித்துக் கூட்டத்தைத் திருப்பி அனுப்பினார்கள்.

2014 ஜூனில் அவன் தங்கை பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். விண்ணப்பம் வாங்கியதையோ, எந்தக் கல்லூரிகளுக்குப் போய் விசாரித்தான் என்பதையோ எங்களிடம் அவன் மூச்சுவிடவில்லை. கட்டணம் கட்டி ரசீதும் வாங்கிய பிறகு, கம்பம் பேருந்து நிலையத்தில் தற்செயலாகப் பார்த்தபோது சொன்னான்: உதவிபெறும் பிரிவு, வேதியியல், அவளே கேட்டது. நாங்கள் மூவரும் ஒரே குரலில் நல்லது என்றோம். குமுளி ஜீப் கிளம்பும் நேரமாகிவிட்டதென்று அவன் போய்விட்டான்.