முன்பாரம், பின்பாரம்



சம்பா அறுவடை நடைபெறும் இந்நாட்களில் வீடு சந்திப்புக்காக வெண்ணாற்றங்கரைச் சாலையில் செல்லும்போதெல்லாம், நெல் ஏற்றிய டிராக்டர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறேன். கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு 40 கிலோ என்று நெல்லைப் பிடிக்கிறார்கள். 100 மூட்டை நெல் என்றால் 4 டன். அதை இழுத்துச் செல்லும் டிராக்டரின் எடையோ ஏறத்தாழ 2 டன்தான். இழுப்பதைவிட இழுக்கப்படுவது இருமடங்கு கனமானது.

சமவெளியில் இந்த வேறுபாடு தெரிவதில்லை. எஞ்சின் முனகாமல் இழுக்கிறது. இன்னும் 20 மூட்டை ஏற்றினால் என்ன என்று மனம் கேட்கிறது. ஆனால் நம் ஆறுகள் உயர்ந்த கரைகளுக்கிடையே ஓடுகின்றன. வயலிலிருந்து கரைக்கு ஏறும் சரிவும், பாலத்திலிருந்து இறங்கும் சரிவுமே நமக்கு மலைகள். ஏறும்போது பின்னாலுள்ள பாரம் டிராக்டரின் முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிவிடும்; தரையைத் தொடாத சக்கரத்துக்கு ஸ்டீயரிங் கட்டுப்படாது. இறங்கும்போது பாரமே டிராக்டரைத் தள்ளும். பல டிரெய்லர்களுக்குத் தனி பிரேக் கிடையாது. டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறக்குகிறவர், எஞ்சின் தருகிற பிடியையும் கைவிட்டு விடுகிறார். வேகம் இருமடங்கானால், நிறுத்துவதற்கு அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது.

மாட்டு வண்டி ஓட்டிய நம் முன்னோர் முன்பாரம், பின்பாரம் என்று இதைச் சொன்னார்கள். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பிக் கழுத்துக் கயிறு இறுகும். அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் பின்னால், படுக்கையும் அடுப்படியும் கொண்ட பயண வண்டியை இழுத்துச் செல்வோரும் இதே கணக்கைத்தான் பார்க்கிறார்கள். பயண வண்டியின் மொத்த எடையில் 100-க்கு 10 முதல் 15 பங்கு கொக்கியின்மேல் அமர வேண்டும். அது குறைந்தால் பின்வண்டி வாலாட்டத் தொடங்கும். கனமான வண்டியாயின் அதற்குத் தனி பிரேக்கும் பொருத்துகிறார்கள்.

டிராக்டரில் இடப்பக்கத்துக்கு ஒன்றும் வலப்பக்கத்துக்கு ஒன்றுமாக இரண்டு பிரேக் மிதிகள் உண்டு. வயலில் சட்டென்று திரும்புவதற்கு ஒன்றை மட்டும் மிதிப்பார்கள். சாலைக்கு ஏறும்முன் இரண்டையும் தாழ்ப்பாளால் பிணைத்துவிட வேண்டும். பிணைக்காமல் வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கமே சுழன்றுவிடும்.

‘முட்டுக்கட்டை’ என்ற சொல்லை இன்று நாம் தடைக்குப் பெயராக, குறையாகவே சொல்லுகிறோம். திருவாரூரின் பெரிய தேரைப் பார்த்தவர்களோ அதன் மதிப்பை அறிவார்கள். ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்தாலும், சக்கரத்தின் கீழ் கட்டையைச் செருகி அதைத் திருப்புகிறவர்களும் நிறுத்துகிறவர்களும் சிலரே. பிற்காலத்தில் திருச்சி பெல் நிறுவனம் அத்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் அமைத்துத் தந்தது. பெரும்பாரம் அசையும் இடத்திலெல்லாம் இழுக்கும் கைகளோடு, நிறுத்தும் கையும் வேண்டும்.

பிரியமானவர்களே, நம் குடும்பங்களிலும் இதைக் காண்கிறேன். சம்பாதிக்கும் பிள்ளையின்மேல் தங்கையின் திருமணமும், வீட்டுக் கடனும், தம்பியின் படிப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றப்படுகின்றன. “அவன் இழுத்துவிடுவான்” என்கிறோம். சரிவு வந்தால் அவன் எதைப் பிடித்து நிற்பான் என்று நாம் கேட்பதில்லை. “இதற்குமேல் வேண்டாம், அண்ணா” என்று வீட்டில் ஒருவர் சொன்னால், அவரை முட்டுக்கட்டை என்று ஒதுக்கிவிடுகிறோம்.

ஆதியாகமம் 33-ஆம் அதிகாரத்தில் யாக்கோபைப் பாருங்கள். ஏசா சேர்ந்து பயணிக்க அழைத்தபோது, தன்னோடிருந்த இளம்பிள்ளைகளையும் கறவை ஆடுமாடுகளையும் எண்ணி, ஒருநாள் விரட்டினாலும் மந்தை மாண்டுபோகும் என்று அறிந்து, அவற்றின் நடைக்கேற்பவே மெதுவாக வந்தான். தன் கால்களின் வலிமையை அல்ல, தன் பின்னால் வருகிறவர்களின் நிலையையே அவன் அளவாகக் கொண்டான்.

டிராக்டர் ஓட்டும் நம் சபைச் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். புறப்படும்முன் கொக்கியில் செருகிய இரும்பு முளையையும் அதன் பூட்டையும் பாருங்கள். பாதுகாப்புச் சங்கிலியை மாட்டுங்கள். பிரேக் மிதிகளைப் பிணையுங்கள். சரிவில் இறங்குவதற்கு முன்பே சிறிய கியருக்கு மாறுங்கள். டிரெய்லரின் பின்புறம் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டாமல் இரவில் சாலைக்கு ஏறாதிருங்கள். கொக்கிக்கருகிலும் மூட்டைகளின்மேலும் எந்தப் பிள்ளையையும் உட்கார விடாதிருங்கள். அப்படி உட்கார்ந்து வந்த ஓர் இளைஞனின் அடக்க ஆராதனையை நான் நடத்தியிருக்கிறேன். அவன் தாயின் முகம் இன்னும் என் ஜெபத்தில் இருக்கிறது.

அறுவடையைத் தந்த கர்த்தர், அதைச் சுமந்து செல்லும் உங்களையும் பத்திரமாய் வீடு சேர்ப்பாராக. ஆமென்.