இரவுகளைச் சேர்ப்பவர்கள்

ஜவ்வாது மலையில் அமாவாசையை ஒட்டிய இரவுகளில் தொலைதூரக் கேலக்ஸிகளைப் படமெடுக்கிறவர்களின் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால், அவர்கள் வானத்தை அண்ணாந்து பார்ப்பது மிகக் குறைவு என்பதுதான் முதலில் கண்ணில் படும். அந்தி மங்குவதற்குள் முக்காலியை மட்டம் பார்த்து நிறுத்துகிறார்கள். கேபிள்கள் சுற்றிக்கொள்ளாதபடி கட்டுகிறார்கள். லென்ஸில் பனி படியாமலிருக்கச் சூடேற்றும் பட்டையைச் சுற்றுகிறார்கள். பேட்டரி விடியும்வரை தாங்குமா என்று கணக்குப் போடுகிறார்கள். இருட்டிய பிறகும் சிவப்பு வெளிச்சத்தில் லேப்டாப் திரையில் ஓடும் ஒரு கோட்டின் மீதே கண்ணாக இருக்கிறார்கள். அழகு பார்க்க வந்தவர்களாகத் தெரியவில்லை. இரவு ஷிஃப்டில் மில் இயந்திரத்தைக் கவனிக்கிறவர்களைப் போல இருக்கிறார்கள். இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. இவர்களுடைய கண்ணாடி சிறியது. ஆனால் பெரிய வானாய்வகங்களுக்கு எட்டாத ஒன்று இவர்கள் கையில் இருக்கிறது. அது நேரம். வானத்தின் ஒரே துண்டுக்கு எத்தனை இரவு வேண்டுமானாலும் இவர்களால் கொடுக்க முடியும். இந்தக் கைத்தொழிலின் நுட்பங்கள் எல்லாமே அந்த நேரத்தைச் சிந்தாமல் சேர்ப்பதற்காகவே ஏற்பட்டவை. அப்படிச் சேர்த்த நேரம் வானியலுக்குச் சான்றாகவும் நிற்கிறது என்பதே என் வாதம்.

பூமி சுழல்வதால் வானம் நொடிக்கு 15 வில்நொடி நகர்கிறது. முழுநிலவின் அகலமே ஏறக்குறைய 1,800 வில்நொடிதான். தொலைநோக்கியை அசையாமல் நிறுத்தி ஐந்து நிமிடம் கேமராவைத் திறந்து வைத்தால், விண்மீன் இரண்டரை நிலவு நீளத்துக்குக் கோடாக இழுபட்டுவிடும். இதை ஈடுகட்டத்தான் தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் மவுண்ட். அதன் அச்சு வானத்தின் வடதுருவத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் இருப்பவருக்குத் துருவ நட்சத்திரம் நல்ல உயரத்தில் நிற்கிறது. இங்கே அது அடிவானத்துக்கு மேல் 12 பாகையைச் சற்றே தாண்டி நிற்கிறது. ஒரு மரமோ மலைமுகடோ போதும், மறைந்துவிடும். அப்போது தெற்கிலும் கிழக்கிலும் உள்ள விண்மீன்கள் எந்தப் பக்கம் நழுவுகின்றன என்று பார்த்துப் பார்த்து அச்சைத் திருத்துகிறார்கள். அதன் பிறகு சிறிய துணைத் தொலைநோக்கி ஒன்று சில நொடிக்கு ஒருமுறை ஒரு விண்மீனின் இடத்தை அளந்து மோட்டாருக்குத் திருத்தம் சொல்கிறது. லேப்டாப்பில் ஓடும் கோடு அந்தத் திருத்தங்களின் வரைபடம். காற்றடித்தால் கோடு துள்ளும். அந்த நேரத்தில் பதிந்த படம் கழிவுக்குப் போகும். கேலக்ஸியே இல்லாத படங்களையும் இவர்கள் எடுக்கிறார்கள். தொலைநோக்கியின் வாயை மூடி, அதே வெப்பநிலையில், அதே நேர அளவுக்கு எடுப்பது டார்க். சென்சார் தானாகவே உண்டாக்கும் போலி ஒளி அதில் பதிகிறது. விடிகாலை வெளிச்சத்தில் வாயில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி எடுப்பது ஃப்ளாட். தூசிப் புள்ளிகளும் ஓரத்து மங்கலும் அதில் பதிகின்றன. முன்னதைக் கழித்து, பின்னதால் வகுத்த பிறகே அசல் படம் நம்பத்தக்கதாகிறது. இரவு முழுக்க உழைத்தவர் விடிந்தபின்னும் படுக்கப் போகாமல் ஃப்ளாட் எடுப்பதில்தான் இந்தத் தொழிலின் நாணயம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இப்படிச் சேர்ந்த நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுப்பதை ஸ்டாக்கிங் என்கிறார்கள். இதில் கணிதம் சலுகை காட்டுவதில்லை. நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் தெளிவு கூடும். ஐந்து மணி நேரப் படத்தை இருமடங்கு தெளிவாக்க இருபது மணி நேரம் வேண்டும். அதை மேலும் இருமடங்காக்க எண்பது. தமிழ்நாட்டின் பருவங்களோடு வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கின் கடுமை புரியும். ஆண்ட்ரோமெடா கேலக்ஸி அக்டோபர் நள்ளிரவில் உச்சிக்கு வருகிறது. அந்த நேரம் இங்கே வடகிழக்குப் பருவமழை. மேகம் விலகும் தை மாதத்தில், இருட்டும்போதே அது மேற்கே சாயத் தொடங்கியிருக்கும். கன்னி, சிம்ம ராசிகளின் பக்கமுள்ள கேலக்ஸிகளுக்கு மாசி முதல் சித்திரை வரை நல்ல காலம். அதிலும் நிலவில்லாத இரவுகள் மட்டுமே பயன்படும். எண்பது மணி நேரம் என்பது இங்கே ஒருவருக்குச் சில ஆண்டுகளின் அமாவாசைகள்.

இந்தப் பொறுமைக்கு நீண்ட முன்வரலாறு உண்டு. 1888 டிசம்பரில், 20 அங்குலக் கண்ணாடியால் ஆண்ட்ரோமெடாவின் சுருள் அமைப்பைப் படத் தகட்டில் காட்டியவர் ஐசக் ராபர்ட்ஸ். கட்டட ஒப்பந்தத் தொழிலில் பொருளீட்டிய வேல்ஸ்காரர் அவர். ஒரு சூரியக் குடும்பம் உருவாவதைப் படம் பிடித்துவிட்டதாக அவர் நம்பினார். 1923இல் எட்வின் ஹபிள் மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியில் ஆண்ட்ரோமெடாவுக்குள், தொலைவை அளக்க உதவும் செஃபீட் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்த பிறகே அது பால்வீதிக்கு வெளியே உள்ள தனிக் கேலக்ஸி என்பது உறுதியானது. இன்றைய கணக்கில் அதன் தொலைவு ஏறக்குறைய 25 லட்சம் ஒளியாண்டு. ராபர்ட்ஸ் சொன்ன விளக்கம் பொய்த்தது. தகட்டில் பதிந்த சுருள் பொய்க்கவில்லை.

"ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்துவிட்ட பிறகு இவர்கள் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், ஆனால் பெரிய தொலைநோக்கி எல்லாவற்றையும் பார்க்கும் என்ற எண்ணத்தில் அது நிற்கிறது. ஹபிளின் முதன்மைக் கேமரா ஒரு தடவையில் பார்க்கும் பரப்பு முழுநிலவைவிட மிகச் சிறியது. ஆண்ட்ரோமெடாவோ ஆறு நிலவு அகலத்துக்கு விரிந்து கிடக்கிறது. 2025 ஜனவரியில் வெளியான ஹபிளின் ஆண்ட்ரோமெடாப் படம் பத்தாண்டுக்கு மேலான உழைப்பில், 600க்கும் மேற்பட்ட துண்டுகளை ஒட்டிச் செய்தது. நாலு அங்குல அமெச்சூர் தொலைநோக்கி ஒன்று அந்தக் கேலக்ஸியை, சுற்றியுள்ள வானத்தோடு சேர்த்து, ஒரே சட்டத்தில் பிடித்துவிடும். விரிந்து மங்கிக் கிடக்கும் ஒளியைப் பதிவதில் கண்ணாடியின் பருமனைவிட, குவியத் தூரத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமும் திறந்து வைத்த நேரமும்தான் பேசும். இதை வாதமாக மட்டும் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மனியின் மார்செல் டிரெக்ஸ்லர், பிரான்ஸின் சேவியர் ஸ்ட்ராட்னர், யான் செய்ன்டி ஆகிய மூன்று அமெச்சூர்கள், ஆக்சிஜன் அயனியின் ஒளியை மட்டும் விடும் வடிகட்டியோடு, 106 மில்லிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியில் 100 மணி நேரத்துக்கும் மேல் ஆண்ட்ரோமெடாவைப் பதிந்தார்கள். கேலக்ஸிக்கு அருகே மூன்று நிலவு நீளத்துக்கு ஒரு நீல வளைவு தெரிந்தது. உலகில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட கேலக்ஸியின் பக்கத்தில், அதுவரை யாரும் கண்டிராத ஒன்று! வேறு ஆட்கள் வேறு கருவிகளில் எடுத்த படங்களிலும் அது இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகு, தொழில்முறை வானியலாளர்களோடு சேர்ந்து 2023 ஜனவரியில் ஆய்விதழில் அறிவித்தார்கள். அந்த வளைவு ஆண்ட்ரோமெடாவைச் சேர்ந்ததா, நம் பால்வீதியில் முன்னால் கிடக்கும் வாயுவா என்ற விவாதம் பிறகு எழுந்தது. முன்னால் கிடப்பது என்ற பக்கம் வலுத்திருக்கிறது. எந்தப் பக்கம் முடிந்தாலும் விவாதத்துக்குப் பொருள் கொடுத்தது அந்த மணி நேரங்கள்தான். தொழில்முறை வானியலும் இதைக் கற்றுக்கொண்டிருக்கிறது. 2013இல் ராபர்ட்டோ ஆபிரகாமும் பீட்டர் வான் டொக்கமும் தொடங்கிய டிராகன்ஃப்ளை தொலைநோக்கி, கடையில் விற்கும் கேனன் 400 மில்லிமீட்டர் லென்ஸ்களை வரிசையாகச் சேர்த்துக் கட்டியது.

நேரம் என்று நான் சொல்வதில் இன்னொரு பக்கமும் உண்டு: சரியான கணத்தில் கேமரா திறந்திருப்பது. அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் பூட்டுத் தொழில் செய்யும் விக்டர் புசோ 2016 செப்டம்பர் 20 அன்று, 40 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் புதிய கேமராவைச் சோதிக்க, என்ஜிசி 613 என்ற கேலக்ஸியைக் குறுகிய படங்களாக எடுத்துக்கொண்டிருந்தார். முதல் படங்களில் இல்லாத ஒரு புள்ளி பிந்தைய படங்களில் தோன்றி வளர்ந்தது. சூப்பர்நோவாவின் அதிர்வலை விண்மீனின் மேற்பரப்பைக் கிழித்து வெளிவரும் கட்டம் அது. எந்த விண்மீன் எப்போது வெடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால், எந்தப் பெரிய தொலைநோக்கியையும் அதற்காக ஒதுக்கி வைக்க முடியாது. 2018இல் நேச்சர் இதழில் வந்த அந்த ஆய்வுக்கட்டுரைக்கு ஆதாரம் புசோவின் படங்கள். ஜப்பானின் கொய்ச்சி இதகாகி 2023 மே மாதத்தில் எம்101 கேலக்ஸியில் சூப்பர்நோவாவைக் கண்டபோதும், அதற்கு முந்தைய மணி நேரங்களில் அதே கேலக்ஸியைத் தற்செயலாகப் படமெடுத்திருந்த அமெச்சூர்களின் கோப்புகள்தான் வெடிப்பின் தொடக்கத்தைக் கணிக்க உதவின.

ஹபிளைக் காட்டும் கேள்வியைவிட வலுவான ஆட்சேபம், கணினியில் ஒளியூட்டி நிறமேற்றிய படத்தை எப்படிச் சான்று என்பது என்ற கேள்வி. ஸ்டாக் செய்த படம் முதலில் கிட்டத்தட்டக் கறுப்பாகத்தான் இருக்கும். மங்கிய பகுதிகளை மட்டும் மேலே இழுத்த பிறகே கேலக்ஸி தெரியும். நிறத்தைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமில்லை. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் தெரிவதில்லை. அது கண்ணின் குறை. கேலக்ஸியின் சுருள் கைகளில் இளம் விண்மீன்கள் நீலமாகவும், மையத்தில் முதிர்ந்தவை மஞ்சளாகவும் இருப்பது உண்மை. கையா விண்கலம் அளந்த விண்மீன்களின் நிறமாலையை அளவுகோலாக வைத்து நிறத்தைச் சரிசெய்யும் வசதி இன்றைய மென்பொருளில் உண்டு. இழுப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. என்ஜிசி 5907 என்ற கேலக்ஸியைச் சுற்றி, சிதைந்த குட்டிக் கேலக்ஸி விட்டுச்சென்ற விண்மீன் ஓடை பல வளையங்களாகச் சுழல்வதை 2008இல் டேவிட் மார்டினெஸ் டெல்காடோவின் குழு வெளியிட்டது. படமெடுத்தவர் ஜே கபானி என்ற அமெச்சூர். பாடநூல்களுக்குள் போகத்தக்க அழகான படம். 2019இல் டிராகன்ஃப்ளை அதே இடத்தைப் பதிந்தபோது ஓடை இருந்தது. இரண்டாவது வளையம் இல்லை. அமெச்சூர் படத்துக்கு எதிரான சாட்சியாகப் பலர் இதைக் காட்டுவார்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு. சான்று என்பது கடைசியில் மெருகேற்றிய படம் அல்ல. அடுக்குவதற்கு முன் இருந்த தனித்தனிக் கோப்புகளும் டார்க்கும் ஃப்ளாட்டும்தான். செயற்கை நுண்ணறிவால் இரைச்சலைத் துடைத்து, விளிம்பைக் கூராக்கும் கருவிகள் இன்று எல்லார் கணினியிலும் வந்துவிட்டன. அவை இல்லாத நுணுக்கத்தை வரைந்துவிடக்கூடும். ஆகவே மூலக் கோப்புகளைப் பத்திரமாக வைத்திருப்பவரே வானியலுக்கு உதவுகிறார். அவற்றை அழித்துவிட்டு அழகான படத்தை மட்டும் வைத்திருப்பவர் தன் இரவுகளைத் தொலைத்துவிடுகிறார்.

இது பணக்காரர்களின் விளையாட்டு என்ற குறையில் பாதி உண்மை இருக்கிறது. நல்ல மவுண்ட் ஒன்றின் விலை சாதாரணச் சம்பளக்காரருக்கு எட்டாதது. ஆனால் படமெடுப்பை நடத்தும் நினா, மவுண்டை வழிநடத்தும் பிஎச்டி2, ஸ்டாக் செய்யும் சிரில் எல்லாமே இலவச மென்பொருள்கள்.

சிலியில் வேரா ரூபின் வானாய்வகம் 2025இல் தன் முதல் படங்களை வெளியிட்டிருக்கிறது. தென்வானத்தைப் பத்தாண்டுகள் திரும்பத் திரும்பப் பதியப்போகிறது. அதன் பிறகும் இவர்களுக்கு வேலை இருக்கும். அதன் பெரிய கண்ணாடிக்கு அருகிலுள்ள கேலக்ஸிகளின் பிரகாசமான சூப்பர்நோவாக்கள் கூசும். வடவானத்து ஆண்ட்ரோமெடா அதன் பார்வைக்கு வெளியே. ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஒளியை மட்டும் பிரிக்கும் வடிகட்டிகளும் அதில் இல்லை.

இவர்களுடைய நேரத்தை உண்மையில் தின்பது தரையிலிருந்து எழும் விளக்கொளிதான். பின்புல வெளிச்சம் இருமடங்கானால், அதே மங்கிய ஓடையை அதே தெளிவோடு பதிய இருமடங்கு நேரம் வேண்டும். சென்னை வானத்தில் அந்தப் பின்புலம் இயற்கை இருளைப் போலப் பல பத்து மடங்கு. வானியலாளர் வேணு பாப்பு 1960களில் இதே ஜவ்வாது மலையின் காவலூரை வானாய்வகத்துக்குத் தேர்ந்தது அதன் இருட்டுக்காக. இன்றும் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. லடாக்கின் ஹான்லேயில் 2022 டிசம்பரில் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பை இருள்வான் காப்பகமாக அறிவித்தார்கள். விளக்குகளுக்கு மூடி போட்டு, வெளிச்சத்தைக் கீழ்நோக்கித் திருப்புவது அங்கே ஊர்வழக்கமாகியிருக்கிறது. ஊர் இளைஞர்கள் தொலைநோக்கியைக் கையாளக் கற்று, வரும் பயணிகளுக்கு வானத்தைக் காட்டி வருமானமும் பார்க்கிறார்கள். ஜவ்வாது மலை ஊராட்சிகளின் தெருவிளக்குகளுக்கு அதே மூடியைப் போடப் பெரிய செலவாகாது. சோலார் கம்பங்களில் கண்ணைக் குத்தும் வெள்ளை எல்இடிக்குப் பதிலாக மஞ்சள் எல்இடி போடவும் அதிகம் ஆகாது.