ஒட்டின சோல்

2009-ல் பிசிஏ சேர்ந்தபோது எங்கள் வீட்டுக்கு கம்ப்யூட்டர் வந்தது. நைனா முதலில் அதைத் திருப்பி வைத்துப் பார்த்தார். ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில், லாஸ்டிங் செக்‌ஷனில் இருபது வருஷம் நின்றவர். எதையும் அடியிலிருந்துதான் பார்ப்பார். பின்னால் ஸ்க்ரூ மேல் ஒரு ஸ்டிக்கர். கிழிந்தால் வாரண்டி கிடையாது.

"தெறக்கவே கூடாதாடா?"

"கூடாது நைனா."

அசெம்பிள் பண்ணிக்கலாம் என்றுதான் மாமா பையன் சொன்னான். ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கினால் அதே காசுக்கு ரேம் அதிகம் கிடைக்கும். நான்தான் கம்பெனி பெட்டிதான் வேணும் என்று அடம்பிடித்தேன். திமிரியில் எது கெட்டது என்று சொல்லக்கூட அப்போது ஆள் இல்லை. கம்பெனி பெட்டி என்றால் ஒரே போன் நம்பர். 24 மாசத் தவணை.

குறை சொல்வதற்கு முன் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். கீபோர்டு போனபோது வேலூரிலிருந்து ஆள் வந்து மாற்றிக் கொடுத்தார். நண்பர்கள் வீட்டில் எல்லாம் திருட்டு விண்டோஸ், எங்களுடையது ஒரிஜினல். பென்டிரைவ் வழியாக வைரஸ் ஏறினால், ஹார்டு டிஸ்க்கிலேயே ஒதுக்கி வைத்திருந்த ரெக்கவரி பகுதியிலிருந்து முதல் நாள் நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். ஃபேன் சத்தம்கூட வெளியே கேட்காது.

2012-ல் மின்வெட்டு. சென்னைக்கு வெளியே நாங்கள் கரண்ட்டுக்குக் காத்திருந்த நேரம்தான் அதிகம். ஒரு சாயங்காலம் கரண்ட் வந்த வேகத்தில் எஸ்எம்பிஎஸ் புகைந்துவிட்டது. உள்ளே என் கடைசி வருஷ ப்ராஜெக்ட். ஒப்படைக்க எட்டு நாள்.

ஆற்காட்டில் ஒரு கடையில் புது எஸ்எம்பிஎஸ் எடுத்து வைத்துப் பார்த்தார்கள். நுழையவில்லை. 1995-ல் இண்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அளவில்தான் கடையில் விற்பதெல்லாம் இருக்கும். எங்கள் ஒல்லிப் பெட்டி, அந்த கம்பெனியே தனக்காகச் செய்துகொண்ட அளவு. பிளக் பின்கூட வேறு. கம்பெனிக்குப் போன் செய்தால், வாரண்டி முடிந்தது, அந்த மாடலுக்கு இப்போது பாகம் இல்லை.

நைனா சம்பளமில்லாத லீவு போட்டார். பெட்டியைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் சென்னை போனோம். ரிச்சி தெருக் கடைக்காரர், "ஹார்டு டிஸ்க்கைக் கழட்டி வேற மிஷின்ல போட்டா டேட்டா எடுத்துரலாம். கிழிக்கட்டுமா?" என்றார். வாரண்டி போய் இரண்டு வருஷம் ஆகியும் எனக்கு வாய் வரவில்லை. நைனா கட்டைவிரல் நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தார். உள்ளே தூசி, இரண்டு பல்லி முட்டை ஓடு. தவணை கட்டி முடித்த பொருளின் உள்பக்கத்தை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

ப்ராஜெக்ட் கிடைத்துவிட்டது. திரும்பி வரும்போது திட்டுவார் என்று உட்கார்ந்திருந்தேன். காஞ்சிபுரம் தாண்டித்தான் பேசினார்.

"ஒட்டின ஷூ மோசம்னு சொல்ல மாட்டேன்டா. கம்மி வெலைக்கு எல்லார் கால்லயும் ஷூ ஏறினது அதாலதான். ஆனா சோல் போச்சுன்னா ஷூவே போச்சு. வெல்ட் வெச்சி தெச்சதுல சோல மட்டும் மாத்திக்கலாம்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே நைனா?"

"நீ படிச்ச புள்ள, தெரிஞ்சிதான் கேக்கறன்னு நெனச்சேன்."

இன்று யாராவது எந்த கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று கேட்டால், எது கெட்டால் எதை மாற்ற முடியும் என்று கடையில் கேளுங்கள் என்கிறேன். அந்தப் பெட்டி இன்னும் திமிரி வீட்டுப் பரணில் இருக்கிறது. ஸ்டிக்கர் இருந்த இடத்தில் நகக்கீறல்.