செல்விக்கு அத்தை எழுதுவது



போனில் சொன்னால் "சரி அத்தை, சரி அத்தை" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஒரு இடத்தில் உட்கார்ந்து முழுசாகப் படி.

உன் அம்மா சந்தைக்கு வந்தவள் வீட்டுக்கும் வந்துவிட்டுப் போனாள். புதுமைப் பெண் திட்டத்து ஆயிரம் ரூபாய் கரஸில் படிக்கிறவர்களுக்குக் கிடையாது என்று யாரோ சொன்னார்களாம். அன்றையிலிருந்து நீ படிப்புப் பேச்சையே எடுப்பதில்லையாம். சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. 2022இல் வந்த அந்தத் திட்டத்தில் தொலைதூரக் கல்விக்கு இடமில்லை. அதற்காக உனக்கு எந்த உதவியுமே இல்லை என்று யாரடி சொன்னது? நீயே கேள்வி கேட்டு நீயே பதிலும் சொல்லிக்கொண்டாய், உன் அப்பனைப் போலவே.

கேள். எஸ்.சி. பிள்ளைகளுக்குப் பத்தாவதுக்கு மேல் படிக்க மத்திய அரசு தருகிற ஸ்காலர்ஷிப்பில் தொலைதூரக் கல்வியும் சேர்த்திதான். வீட்டு வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்தைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். பன்றி தின்றது போக மிச்சம் வருகிற மக்காச்சோளத்தையும் அம்மாவின் தீப்பெட்டி ஆபீஸ் கூலியையும் கூட்டினால் அதில் பாதியாவது வருமா? இக்னோவில் சேர்ந்தால் இன்னொன்றும் உண்டு. குறிப்பிட்ட சில படிப்புகளுக்கு, சேரும்போதே எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறார்கள். நீ கேட்கிற படிப்பு அதில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். ஆனால் ஒரு தடவைக்கு ஒரு படிப்புக்குத்தான் கேட்கலாம். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டுக்கு விண்ணப்பம் போட்டு இரண்டிலும் தள்ளுபடி கேட்டால் இரண்டையும் தள்ளிவிடுவார்கள். உன் சிநேகிதி சொன்ன யோசனை இதுதானே? அவளிடமும் சொல்லி வை.

"கரஸில் படிக்கிறவளுக்கு எதற்கு ஸ்காலர்ஷிப்" என்று நீயே கேட்டாயாம். எனக்கு ஆத்திரமாக வந்தது. பகலெல்லாம் தீப்பெட்டி அடைத்துவிட்டு ராத்திரி புத்தகத்தைத் திறக்கிறவளுக்கு இல்லாமல் வேறு யாருக்கு? அங்கீகாரம் உள்ள தொலைதூரப் பட்டமும் காலேஜுக்குப் போய் வாங்குகிற பட்டமும் ஒன்றுதான் என்று யு.ஜி.சி.யே 2022இல் சொல்லிவிட்டது. நான் மதுரை காமராசரில் அஞ்சல்வழியில் படித்தபோது தபால்காரர் கொண்டுவந்து போடுகிற பாடக்கட்டைப் பிரித்து நீ வீடு கட்டி விளையாடுவாய். அந்த பீஸை உன் அப்பா பருத்தி விற்ற காசில் கட்டினார். அண்ணி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதை நான் மறக்கவில்லை தாயி.

இனி வேலையைப் பார்ப்போம். சாதிச் சான்று இருக்கிறது. வருமானச் சான்றுதான் புதிதாக எடுக்க வேண்டும். என் இ-சேவை மையத்திலேயே போட்டுவிடலாம், கட்டணம் 60 ரூபாய். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. பார்த்துத் தாசில்தார் ஆபீஸுக்குப் போகும். வி.ஏ.ஓ. கூப்பிட்டு விசாரித்தால் கூச்சப்படாமல் உள்ளதைச் சொல்லச் சொல் அப்பாவை. அவர் பாட்டுக்கு "எங்களுக்கென்ன குறை" என்று வீம்பு பேசிவிடப் போகிறார்.

பேங்க் கணக்குதான் நிறையப் பேருக்குச் சிக்கல். ஸ்காலர்ஷிப்பில் மத்திய அரசின் பங்கு, 60 விழுக்காடு, நேராக மாணவர் கணக்குக்கே வருகிறது. கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தாயோ அதில்தான் விழும். சம்பளத்துக்காகத் தீப்பெட்டி ஆபீஸில் தொடங்கிக் கொடுத்த கணக்கா, பள்ளிக்கூடத்தில் தொடங்கியதா என்று பேங்கில் கேட்டு வை. "பணம் வரவே இல்லக்கா" என்று என் மேஜைக்கு முன்னால் வந்து அழுகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பணம் வந்து, மறந்துபோன கணக்கில் கிடக்கும். பெயரையும் பார். மார்க் ஷீட்டில் இனிஷியலோடு இருக்கிறது, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் கம்ப்யூட்டர் விடும். தொலைதூரப் படிப்புக்கு இப்போது டெப் ஐடி என்று ஒன்று வேறு கேட்கிறார்கள். அதை நான் எடுத்துத் தருகிறேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருத்தன் ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன் என்று ஆளுக்கு இரண்டாயிரம் வசூல் பண்ணுகிறானாம். அந்தப் பக்கமே போகாதே. விண்ணப்பத்துக்குக் காசே கிடையாது.

பணம் எப்போது வரும் என்று மட்டும் கேட்காதே. மாசக்கணக்கில் இழுக்கும். தள்ளுபடி கிடைக்காவிட்டால் முதல் வருஷ பீஸ் நான் கட்டுகிறேன். அப்பாவிடம் சொல்லாதே, சண்டைக்கு வருவார்.

ராத்திரி வெகுநேரம் முழிக்காதே. போன தடவை பார்த்தபோது கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. சாப்பிடுகிறாயா இல்லையா?

சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வந்துவிடு. ஒரிஜினல் எல்லாம் எடுத்து வா, ரேஷன் கார்டு, அம்மா அப்பா ஆதார் உட்பட. ஓ.டி.பி. அப்பா போனுக்குத்தான் வரும். அன்றைக்காவது அதைச் சார்ஜ் போட்டுக் கையில் வைத்திருக்கச் சொல். கம்மாக்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டு எடுக்காமல் இருந்துவிடப் போகிறார்.

உன் அத்தை
கோவில்பட்டி